ஒரு தெருவுக்கு ஒரே இட்லிக்காரர்

மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் போட்டிப் பொருளாதாரம் கற்பிக்கிறேன். விற்பவர்கள் கூடிப் பேசி விலை வைப்பதும், ஊரைப் பங்கு போட்டுக்கொள்வதும் குற்றம் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுவது என் பிழைப்பு. இருந்தாலும் எனக்கு ஓர் இடத்தில் இருப்பு கொள்ளாது. எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வதென்றால் எரிச்சல் எரிச்சலாய் வரும்.

அந்த எரிச்சலோடுதான் தாராவிக்குப் போனேன். அங்கே விடியுமுன் இட்லி அவித்து சைக்கிளில் விற்கப் போகிறவர்கள், சயான் பக்கம் ஒருவருக்கு, சுனாபட்டி பக்கம் இன்னொருவருக்கு என்று தெருக்களைத் தங்களுக்குள் பிரித்து வைத்திருந்தார்கள். அதற்கு லைன் என்று பெயர். அடுத்தவர் லைனில் யாரும் ஹாரன் அடித்து விற்கக் கூடாது. கம்பெனிக்காரன் என்றால் இதை உயிர் போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். இட்லிக்காரர்கள் சங்கத்தின் தலைவரோ டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

"நாங்க ஒருத்தருக்கொருத்தர் அடிச்சிக்கிட்டா தந்தா, யாவாரம் எல்லாம் படுத்துரும். நல்லா எழுதிக்கிடுங்க டீச்சர்."

எழுதினேன். பெரிய முதலாளிகள் செய்தால் கொள்ளை, இவர்கள் செய்தால் தற்காப்பு. லைனைப் புது ஆட்களுக்குத் திறந்துவிட்டால் அத்தனை பேரும் மூழ்கிப்போவார்கள். சட்டம் இவர்களை விட்டுவிட வேண்டும். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரையின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துச் சங்கத்துக்குக் கொடுத்தேன். அதை லேமினேட் பண்ணிச் சுவரில் மாட்டினார்கள்.

சில மாதம் கழித்து ஓர் அம்மா கல்லூரி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவர் கணவருக்குச் செம்பூர் லைன். மாவாட்டுவதும் அவிப்பதும் இவர், விற்பது அவர். கணவர் இறந்ததும், தானே விற்கப் போகிறேன் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார். லைனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"பொம்பளைக்கு லைன் கெடையாதுன்னு சொல்லுதாவ. கேட்டா ஒங்க பேப்பரக் காட்டுதாவ. புதுசா ஒரு ஆளு வந்தா எல்லாரும் கெட்டுப்போவாவன்னு எழுதியிருக்கீயளாமே? நான் புதுசா டீச்சர்?"

லைன் வைத்திருந்த ஒவ்வொருவரையும் பேட்டி எடுத்திருந்தேன். கிடைக்காதவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதிய வகுப்பை ரத்து செய்துவிட்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன்.

"நான் எழுதினது தப்பு! இவங்களுக்கு லைனைக் குடுங்க," என்று கத்தினேன்.

தலைவர் கோபப்படவே இல்லை. "நீங்க படிச்சவுக. தப்புன்னா மாத்தி எழுதிக் கொண்டாங்க, அதையும் மாட்டுதோம். அதுவரைக்கும் இதுதான்."

"மாத்தி எழுத எத்தனை நாளாவும்?" அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

ஆய்விதழில் வெளிவர ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. தலைவரிடம், "அப்போ மாவாட்டுத வேலையாவது குடுங்க," என்றார். தலைவர் உடனே சம்மதித்தார். செம்பூர் லைனை வாங்கியவர் வீட்டிலேயே ஆள் வேண்டியிருக்கிறதாம்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர்," என்றார் அந்த அம்மா. "எனக்கு நாளைக்கே வேல வேணும்."