சட்டைப் பைக்குள் வடக்கு

உன் வேலை என்னடி என்று அம்மா கேட்டபோது கொஞ்சம் கர்வமாகத்தான் பதில் சொன்னேன்.

"சுத்துற கம்பி இந்த நிமிசம் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வேலைம்மா."

அம்மாவுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்து, முழங்கை வரை ஏறியிருந்த வெள்ளிப் பொடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஃபோர்மேனும் நாங்க எந்தப் பக்கம் திரும்புறோம்னு நாள் பூரா பாத்துக்கிட்டுதான் இருக்காரு. அவரு எட்டாங்கிளாசு ஃபெயிலு. நீ இதுக்கு மூணு வருசம் டிப்ளமோ படிச்சியாக்கும்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஓட்டுப் போடத்தான் போயிருக்கிறார்கள். என் மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்து, ரேஷன் கார்டு இருந்த இடத்தில் வைத்து, ரேஷன் கார்டை அரிசி டப்பாவுக்கு மாற்றிய வீடு அது. ஆகவே எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதைக் குறைத்துச் சொல்லி நல்ல பிள்ளை ஆகும் எண்ணம் இல்லை.

வேலை திருத்தங்கலில், தினசரிக் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில். மின்சாரப் பராமரிப்புக்கு நான் ஒருத்திதான். தாள் பெரிய ரீலாக உள்ளே போகும். அச்சாகி, கடைசியில் ஒரு கத்தி உருளைக்கு வரும். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெட்டு. உருளையின் கத்தி எந்த நொடியில் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது மிஷினுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெட்டு விலகும்.

முன்பெல்லாம் அதைச் சொல்ல, ஒளியை வைத்துப் பார்க்கும் சென்சார் இருந்தது. உள்ளே கோடு போட்ட கண்ணாடித் தட்டு. கோடுகளை வெளிச்சம் எண்ணும். ஆனால் எங்கள் பிரஸ்ஸில் தாள் தூசும் மை ஆவியும் சேர்ந்து மனிதர்களின் மூக்கையே அடைத்துவிடும். கண்ணாடிக்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு? சீசனுக்கு இரண்டு முறை அது குருடாகும். நான்தான் முதலாளியிடம் போய்க் காந்தத்துக்கு மாறலாம் என்றேன்.

அது மிக எளிய சங்கதி. உருளை அச்சின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தம். பொத்தானின் ஒரு பாதி வடக்கு, மறு பாதி தெற்கு. அதற்கு எதிரே, தொடாமல், சிறு இடைவெளி விட்டு ஒரு சிப். அச்சு சுற்றினால் காந்தம் சுற்றும். காந்தத்தின் திசையும் சுற்றும். சிப் அந்தத் திசையைப் பார்த்து இத்தனை டிகிரி என்று சொல்லும். நடுவில் தூசு வந்தால் என்ன, மை வந்தால் என்ன? காந்தத்துக்குக் கண் கிடையாது, கண்ணில் தூசு விழ.

முதலாளி அரை மனதோடு சம்மதித்தார். சென்சாரோடு வந்த பிளாஸ்டிக் மூடி எங்கள் பழைய மிஷினுக்குப் பொருந்தவில்லை. காலண்டர் உச்சியில் அடிக்கிற தகரம் எங்களிடம் மலை மலையாகக் கிடக்கிறது. அதிலேயே ஒரு மூடி வெட்டி மடித்து மாட்டினேன். செலவே இல்லை. அன்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

மிஷின் ஓட்டுகிற அண்ணனுக்கு அந்த மூடி பிடித்துவிட்டது. புது இடம் எதைக் கண்டாலும் சாமி படம் ஒட்டுவார். அவர் கை படும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு தெய்வம் பொறுப்பு. பழைய சென்சார் மூடியில் வருடக்கணக்கில் பசை தடவி ஒட்டிய படங்களை நான் கத்தியால் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. அதனால் புது மூடியில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்: 'பசை, டேப் போட்டு எதையும் ஒட்டக் கூடாது.' அவரிடம் நேரிலும் சொன்னேன். சொன்ன தொனி அவ்வளவு சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

முதல் இரண்டு வாரம் மிஷின் பட்டுப் போல ஓடியது. பிறகு ஒரு நாள் வெட்டு விலகியது. அதிகமில்லை, சின்னக் கீற்று அளவு. ஆனால் எங்கள் காலண்டரில் தாளின் அடி வரியில் நல்ல நேரம் போட்டிருக்கும். வெட்டு விலகியதும் அந்த வரி கழன்று அடுத்த தாளின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மிச்சமிருந்த தாளில் ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றும் அம்சமாக இருந்தன. நல்ல நேரம் மட்டும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளிக்கு வரவில்லை. ஆர்டர் கொடுத்தது ஒரு நகைக்கடை.

நான் ஓடினேன். ஓட்டிக் காட்டச் சொன்னேன். வெட்டு கோடு போட்ட மாதிரி நேராக விழுந்தது. மேஜைக்குத் திரும்பினேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். போனேன். மறுபடி நேராக விழுந்தது. அன்றைக்கு ஐந்து முறை. மறுநாள் ஏழு முறை. நான் பக்கத்தில் நின்றால் ஒழுங்கு. முதுகைக் காட்டினால் கோணல்.

"மேடத்தக் கண்டா அதுக்கு ஒரு பயம்," என்றார் மிஷின் அண்ணன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "நீங்க பேசாம இங்கனயே ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துருங்க."

"மிஷினுக்கு ஏதுண்ணே பயம்?"

"அப்ப எங்களுக்கு மட்டுந்தான் பயமா? நல்லாருக்கே."

வயரை மாற்றினேன். திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். பொத்தான் காந்தம் அச்சில் நழுவுகிறதோ என்று பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். நழுவவில்லை. செவ்வாய்க்கிழமை முதலாளி அறைக்குள் அழைத்தார். மேஜை மேல், குருடாகிப் போன பழைய சென்சார் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதிகம் பேச மாட்டார். இப்படிப் பொருளை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்.

"சனிக்கிழம வரைக்கும் பாப்பேம்மா. அதுக்கு மேல தாங்காது. இதையே சரி பண்ணி மாட்டச் சொல்லிருவேன். ஒனக்கும் எதுக்கு இந்த மையும் கிரீசும்? ஆபீசுல ஏசில ஒக்காந்து பில்லு போடு. சம்பளம் கொறைக்க மாட்டேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிந்தது. பில் போட டிப்ளமோ தேவையில்லை. என்னோடு படித்த பெண்கள் பாதிப் பேர் இந்த ஊரில் ஏசியில் உட்கார்ந்து பில்தான் போடுகிறார்கள். இந்தக் காலில் கிடக்கும் பாதுகாப்பு ஷூ திருத்தங்கலில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடையாது என்பது என் கணக்கு. அதைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டுவதென்றால் என்னால் முடியாது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஒரு எலுமிச்சம்பழத்த வெட்டி வைடி."

"எலுமிச்சம்பழம் சாறு வடிஞ்சா ஷார்ட் ஆகும்மா."

"வெட்டாம வையி, ஒன் படிப்புக்கு அதாவது தெரியாதா?"

வியாழக்கிழமை மதியம் தகரப் பிரிவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காலண்டர் உச்சியில் தகரம் அடிக்கும் பெண்கள் இருக்கும் இடம். வெட்டுத் துண்டுகள் தரையெல்லாம் சிதறும். காலில் ஏறினால் ரத்தம்தான். அதனால் பழைய டிவி ஸ்பீக்கரை உடைத்து, உள்ளே இருக்கிற கறுப்புக் காந்தத்தை எடுத்து, நூலில் கட்டித் தரையில் இழுப்பார்கள். பாதி நாய்க்குட்டி, பாதி விளக்குமாறு. தகரமெல்லாம் குதித்து வந்து ஒட்டும். அந்தப் பிரிவில் மூத்த அக்கா ஒருத்தி அதை இழுத்துக்கொண்டே புலம்பினாள்.

"நாலு இருந்துச்சு. பத்து நாளா மூணுதான் இருக்கு. கல்லு மாதிரி கெடக்கதக் கூடவா களவாங்குவாக?"

தகரத் துண்டு ஒன்று துள்ளிக் காந்தத்தில் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. என் மூடியும் அதே தகரம்தான். அதில் காந்தம் ஒட்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டியே இருக்காது.

பத்து நாள். கோணல் தொடங்கியும் பத்து நாள்.

சிப்புக்குப் பொத்தான் காந்தம் ஒன்று மட்டும்தான் தெரியும் என்று நம்பித்தான் எல்லாம் வடிவமைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு பெரிய காந்தம் வந்து நின்றால், ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லும்போது இன்னொருவர் குறுக்கே புகுந்து கை காட்டுகிற கதைதான். சிப் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு திசையை எடுத்துக்கொள்ளும். ஓரிரு டிகிரி தப்பு. அந்த ஓரிரு டிகிரிதான் நகைக்கடையின் நல்ல நேரம். இந்தத் தகரம் மிக மெல்லிசு; காந்தம் ஒட்டுவதற்குப் போதும், காந்தத்தைத் தடுப்பதற்குப் போதாது.

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். டக் டக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே இத்தனை நாளும் மிஷின் திருந்தியது. வெறுங்காலோடு நடந்தும் பிரயோசனம் இல்லை. நடுவழியில் பையன் எவனோ விசில் அடித்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது மூடி சுத்தமாக இருந்தது. மிஷின் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலண்டர் சாமியைப் போலச் சாந்தமாக நின்றார்.

போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தேன். இரும்பு மிஷின் பக்கத்தில் அது ஒழுங்காகக் காட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மிஷின் எழுந்து நடக்காது. அண்ணன் இடது பக்கம் நகர்ந்தார்; முள் இடது பக்கம் நகர்ந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல அந்தப் பக்கம் போனார். முள்ளும் தண்ணீர் குடிக்கப் போனது.

"அண்ணே, வடக்கு எங்க இருக்குன்னு தெரியுமா?"

"அந்தா, விருதுநகர்ப் பக்கம்."

"இல்லண்ணே. ஒங்க சட்டப் பைக்குள்ள இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும்பாடு. அவர் காக்கிச் சட்டைப் பையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தார். எங்கள் பிரஸ்ஸிலேயே அச்சாகி, நிறம் சரியில்லை என்று கழித்த அம்மன் படம். பின்னால் பட்டர் பிஸ்கட் அளவுக்குக் கறுப்புக் காந்தம். படத்தில் துளை போட்டு நூலால் கட்டியிருந்தார்.

"பச போடக் கூடாதுன்னீக. போடல. டேப்பு கூடாதுன்னீக. போடல. நீங்க வந்தா வைவீகன்னு எடுத்துருவேன். ஒங்க சென்சாரு நல்லா ஓடணும்னுதான் தாயி வச்சேன். அம்புட்டுதான்."

கோபப்பட ஆயத்தமாக வந்திருந்தேன். அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. பத்து நாளாக என் சென்சாருக்காகச் சாமி கும்பிட்ட ஒரே ஆள் அவர்.

"திரும்ப வைங்கண்ணே," என்றேன். வைத்தார். ஓட்டினோம், நல்ல நேரம் பறந்தது. எடுத்தார், நல்ல நேரம் திரும்பி வந்தது. பத்து முறை செய்து பார்த்தோம். கடைசி இரண்டு முறை வேடிக்கைக்காக.

முதலாளி அறைக்குப் போகும் வழியில் எனக்கு இரண்டு பதில்கள் இருந்தன. 'மிஷின்காரர் காந்தம் வைத்தார்' என்பது ஒன்று. அது பொய்யில்லை. சொன்னால் என் சென்சார் சுத்தம். அவருக்குத் தகரப் பிரிவில் மூட்டை தூக்கும் வேலை. இன்னொன்று சொல்ல நாக்கு கூசியது.

"என்ன தப்பு?" என்றார் முதலாளி.

"மூடி தப்பு. பிளாஸ்டிக்குல வந்தத விட்டுட்டு, செலவு மிச்சம்னு தகரத்துல அடிச்சேன். அதுல காந்தம் ஒட்டும்னு யோசிக்கல. ஒட்டுன காந்தம் சென்சாரக் கொழப்பிருச்சு."

"தகரத்துல அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அவர் பழைய சென்சாரை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அறைக் கண்ணாடி வழியாகத் தூரத்தில் பதுங்கி நின்ற மிஷின் அண்ணனைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

"சாமி மேல தப்பில்லயே?"

"அது நேராத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, முதலாளி."

மாலைக்குள் கிழிந்த வாளி ஒன்றை அறுத்து மிஷினுக்கு ஏற்ப பிளாஸ்டிக் மூடி செய்தேன். அழகாக இல்லை. பச்சை நிறம். பிறகு திசைகாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மன் படத்தை அங்குலம் அங்குலமாகத் தள்ளி வைத்துப் பார்த்தேன். முள் அசையாத இடம் வந்ததும் மிஷின் மேல் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அம்மன் வரக் கூடாதுண்ணே."

"அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்லி ஆகாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை பூஜையில் மிஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், என் போனையும் கேட்டு வாங்கி அதற்கும் ஒன்று வைத்தார். சரியாகக் கேமரா மேல். அன்று நாள் முழுக்க நான் எடுத்த படம் எல்லாமே சிவப்பு. துடைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வரை முதலாளி என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகப் போய்க் கதவைத் தட்டினேன். நகைக்கடைக்காரருக்கு அனுப்ப வேண்டிய மாதிரித் தாள்கள் மேஜையில் ஃபேன் காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்தன. அடி வரியில் நல்ல நேரம் முழுசாக இருந்தது. தாள் பறக்காமலிருக்க, பழைய சென்சாரை எடுத்து அதன் மேல் வைத்திருந்தார்.