மஞ்சப்பை, கறுப்பு வெள்ளையில்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கூட்டம். பழைய ஆவணப்படங்களைத் திரையிட்டுப் பேசும் சின்னக் குழு எங்களுடையது. படம் ஓட்ட ஒருவர் வேண்டும், பேச ஒருவர் வேண்டும். எனக்கு புரொஜக்டர் ஓட்டத் தெரியாது. ஆகவே, பேச்சாளர்.

படம்? அந்தக் கால மெட்ராஸின் ஒரு நாள். ரிக்‌ஷா, மாடி பஸ், குழாயடி... "நடிப்பே கலக்காத நகரம்" என்று விளக்கிக்கொண்டே போனேன். முன் வரிசையில் என் மாமனார் கொட்டாவி விட்டார். மருமகன் பேச்சைக் கேட்கக் கடலூரிலிருந்து வந்தவர் — என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவரைப் பற்றி ஒரு தகவல். இளவயதில் மெட்ராஸில் தான் ஒரு படத்தில் நடித்ததாகச் சொல்வார். குடும்பத்தில் ஒருவரும் நம்பியதில்லை. வீட்டில் அவர் பெயரே 'ஆக்டர்'. பெயர் வைத்தது, அவர் மகள். அதாவது, என் மனைவி.

திரையில் ஒரு தெரு. வேட்டி கட்டிய இளைஞன், கையில் பையோடு, முதுகைக் காட்டி ஓடுகிறான். பின்னணிக் குரல் கம்பீரமாகச் சொன்னது — அலுவலகத்துக்கு விரைகிறார் ஒரு பட்டணவாசி.

"அது நான்தான்" என்றார் மாமனார்.

ஹால் சிரித்தது. மனைவி நெளிந்தாள். "முதுகுதானப்பா தெரியுது. சும்மா இருங்க."

"இரும்மா. இப்ப செருப்பு அறுந்துடும், பாரு."

அறுந்தது.

இளைஞன் குனிந்தான். செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினான். ஹாலில் கைதட்டல். என் பேச்சுக்கு வராத கைதட்டல்.

"எந்த ஆபீசுக்கு மாமா போனீங்க?"

"ஆபீஸ் எங்க மாப்ள... வேல கேட்டுப் போன எடத்துலதான் இல்லன்னு அனுப்பிட்டாங்களே. கடலூர் பஸ்ஸ புடிக்க ஓடுனேன். செருப்பு அறுந்ததும் ஒருத்தன் சிரிச்சான். என்னய்யான்னேன். படம் புடிக்கிறோம்னான்."

மனைவி விடவில்லை. "அப்ப நீங்க நடிக்கல."

"பட்டணத்துக்காரன்னு நம்பிட்டாங்களே. அதுக்கு மேல என்னம்மா நடிப்பு?"

"கையில அந்தப் பை?"

"மஞ்சப்பைதான் மாப்ள. கலர் படமா இருந்தா அங்கயே மாட்டியிருப்பேன்."

அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கினார். காலையில் "ஆக்டருக்குக் காபி" என்று மனைவியின் அதே குரல்தான் கேட்டது. டம்ளர் மட்டும், விசேஷத்துக்கு எடுக்கும் வெள்ளி டம்ளர்.

எனக்கு? பேச்சாளர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாமாம்.