சுந்தரேஸ்வரி வாய் திறந்த நாள்

இடைசெவல் சுந்தரேஸ்வரிக்கு வாய் சும்மாவே இருக்காது. கோவில்பட்டி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியின் நாத்தனார் சண்டை வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் இறங்குவாள். அப்பேர்ப்பட்டவள் பயிற்சியில் சேர்ந்த முதல் நாளே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

சமூகப்பணி படிப்பு முடிகிற நேரம். காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்களுக்காகக் கோவில்பட்டியில் நடக்கும் தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அதை நடத்தும் செண்பகராஜ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரையும் அந்தக் குடியிருப்புப் பொம்பளையளே ஒரே நாள்ல வெரட்டிட்டாவ தாயி. அவியளுக்குப் பிடிச்சாத்தான் நீ இங்கன இருக்க முடியும்."

அந்தக் குடியிருப்பில் சொர்ணத்தாய் வைத்ததுதான் சட்டம். "வாங்க தாயி, இருங்க" என்று தமிழில் நாற்காலி போட்டாள். உடனே பக்கத்துப் பெண்கள் பக்கம் திரும்பித் தங்கள் தெலுங்கில் ஆரம்பித்தாள்.

"இதுவும் போட்டோ எடுக்க வந்த மூஞ்சிதான். மூக்கப் பாரு, முருங்கக்காய் கணக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். பை மாட்டிக்கொண்டு வருகிற எவருக்கும் தங்கள் பேச்சு புரியாது என்று அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை. எத்தனையோ பேர் அங்கே நேருக்கு நேர் வசவு வாங்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போயிருக்கிறார்கள்.

சுந்தரேஸ்வரி வீட்டிலும் தெலுங்குதான். இழுப்புதான் கொஞ்சம் வேறே. ஆனால் வெளியாட்கள் முன்னால் அதைப் பேசிப் பழக்கமே இல்லை. அட, வேடிக்கையாகத்தான் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பேச்சு சொர்ணத்தாயின் மகள் மாரிச்செல்வி பக்கம் திரும்பியது. அவளுக்கு நிறைமாதம். போன தடவை ஆஸ்பத்திரியில் இவர்கள் பேச்சைக் கேட்டதும் யாரோ 'தள்ளி நில்லு' என்று நாலு பேர் முன்னால் கத்தியதிலிருந்து அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறாளாம். கால் வேறு வீங்கிக் கிடக்கிறதாம். சொல்லும்போதே சொர்ணத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ காதுல போட்டுராதீங்க, ஊரெல்லாம் சொல்லிருவா."

வாயைத் திறந்தால் இத்தனை நேரம் கேட்டது தெரிந்துவிடும், பயிற்சி இடம் போய்விடும். திறக்காமல் எப்படி இருப்பது? சுந்தரேஸ்வரி தெலுங்கிலேயே சொன்னாள்.

"அம்மா, எனக்கு எல்லாம் புரிஞ்சுது. கால் வீங்குனா வீட்ல வச்சிருக்கக் கூடாது."

சொர்ணத்தாயின் முகம் கறுத்துவிட்டது. "ஏட்டி! இம்புட்டு நேரமும் கேட்டுக்கிட்டா இருந்த? எந்திரி!"

சுந்தரேஸ்வரி எழுந்து நடந்தாள். வெட்கமும் அழுகையுமாக இருந்தது. முதல் நாளே எல்லாம் போச்சு. ஆனாலும் பஸ் நிறுத்தத்தில் பஸ் வந்தும் ஏற மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே சொர்ணத்தாய், அவள் தோளில் சாய்ந்தபடி மாரிச்செல்வி.

"என்ன முழிக்க? ஏறு" என்றாள் சொர்ணத்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீ சொன்னத உள்ள இருந்து கேட்டுருக்கா. நீ வந்தாத்தான் போவாளாம்."

சுந்தரேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள். மாரிச்செல்வி அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அங்கன எல்லார் முன்னாலயும் எங்கிட்ட நம்ம பேச்சுலயே பேசுவீங்களா?"

"பேசுதேன். சத்தமாவே பேசுதேன்" என்றாள் சுந்தரேஸ்வரி, தெலுங்கில், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.