டேப் மாற்ற ஆள் வேண்டாம்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். ஆதவனுக்குப் பொய் சொல்ல வராது. மாமியார் வைத்த குழம்பில் உப்பு கம்மி என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். நடந்ததாக அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

போன ஆயுத பூஜை. பட்டப்பகல்.

ஆதவனுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். கம்ப்யூட்டர் சாதனங்கள் பொருத்துவது தொழில். வேங்கிக்காலில் ஒரு தனியார் மருத்துவமனை. நோயாளிகளின் விவரங்களைத் தினமும் டேப்பில் நகல் எடுத்து வைப்பார்கள். முன்பு ஒரு ஆள் வந்து டேப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது அதற்கு ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். அதற்குள் ஒரு இரும்புக் கை. அதுவே டேப்பை எடுக்கும், மாட்டும், திருப்பி வைக்கும். ஆளே வேண்டாம். அதைப் பொருத்தத்தான் இவன் கீழ்த்தளத்துச் சர்வர் அறைக்குப் போயிருந்தான்.

பூஜை முடிந்தது. கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நந்தினி எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் வாட்ச்மேன் மணி வஞ்சனை இல்லாமல் சாம்பிராணி போட்டுவிட்டார்.

“பூஜை போட்டாச்சுங்க. இனிமே நாளைக்கிக் காலைலதான் தொடணும்.”

“ஒயரு மட்டும் கட்டிட்டு வந்துடறேன் மேடம்.”

பொரியும் சுண்டலும் வாங்க எல்லோரும் மேலே போனார்கள். ஆதவன் ரேக்குக்குப் பின்னால் குனிந்திருந்தான். பூஜை போட்ட அறையை மறுநாள் வரை பூட்டி வைப்பது அங்கே வழக்கம். மணி இவனைக் கவனிக்கவில்லை. விளக்கை அணைத்தார். வெளியே பூட்டு விழுந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். ஏசி இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? போன் டேப் மெஷின் மேல் இருந்தது. எடுக்கத் திரும்பினான்.

அலாரம் அலறியது.

சாம்பிராணிப் புகையைத் தீ என்று நினைத்துவிட்டது அந்த அறை. தீப்பிடித்தால் உருளைகளிலிருந்து வாயு பாய்ந்து நெருப்பை அணைக்கும். உள்ளே ஆள் இருந்தால் அவனுக்கும் மூச்சு நின்றுவிடும். வாயுவை நிறுத்தக் கதவருகே ஒரு பட்டன் உண்டு. அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பாய்ந்து அழுத்தினான்.

அலாரம் நின்றது.

கையை எடுத்தான். மறுபடி அலறியது. பதறி அழுத்தினான். நின்றது. இனி கையை எடுக்கவே முடியாது. போன் நாலடி தள்ளி இருந்தது. எட்டவில்லை.

அப்போது நேரம் பகல் 12.10.

டேப் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. இவன் அதற்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. உள்ளே இரும்புக் கை நகர்ந்தது.

ர்ர்ர்... டக்.

அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஒரு டேப் பாதி வெளியே நீண்டது. அப்புறம் முழுதாக வந்தது. கீழே விழவில்லை. அந்தரத்தில் நகர்ந்து, மேசை மேல் போய் உட்கார்ந்தது.

ர்ர்ர்... டக். இன்னொன்று.

ஆதவனுக்குத் தலை கனத்தது. மூச்சு போதவில்லை. பயம்தான் காரணம் என்று நினைத்தான். வீட்டில் மனைவி அருணாதேவி வடை சுட்டுவிட்டு இவனுக்காகக் காத்திருப்பாள். உயிரோடு போக வேண்டும். பட்டனை விடக் கூடாது.

சரக்... சரக்...

செருப்புச் சத்தம். மெஷின் பக்கமிருந்து.

இவனை நோக்கி.

நின்றது...

சில்லென்று ஏதோ கை மேல் பட்டது. சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தியது.

“வுட்டுடுங்க... செத்துடுவேன்...”



அடுத்த விரல்.

அடுத்தது...

கை விலகியது. அலாரம் அலறியது. கண்ணை மூடிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

தவழ்ந்து போய் போனை எடுத்து நந்தினியை அழைத்தான். மணி ஓடி வந்து பூட்டைத் திறந்தார். ஆதவன் வாசலிலேயே வாந்தி எடுத்தான்.

மறுநாள், தீயணைப்பு சாதனம் பழுது பார்க்கும் அருள்ராஜ் வந்து பட்டனைக் கழற்றிப் பார்த்தான்.

“ஒயர மாத்திக் கட்டிட்டாங்க. அலாரம் சும்மா கத்தும், அவ்ளோதான். இத அமுக்கனாதான் காஸ் கொஞ்சம் கொஞ்சமா வரும். இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா நீங்க இல்ல.”

நந்தினி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முன்பு டேப் மாற்றிய முருகவேல் போன வருஷம் அந்த அறையில்தான் இறந்தாராம். மாரடைப்பு என்றார்களாம். அப்புறம் அந்த வேலைக்கு ஒருவரும் வரவில்லை. அதனால்தான் மெஷின்.

“கதவாண்ட செவுத்துல சாஞ்சாப்பல இருந்தாருங்க,” என்றார் மணி. “கை பட்டன் மேலயே வெறச்சுப் போயிருந்துச்சு. ஒவ்வொரு வெரலா நான்தான் பிரிச்சு எடுத்தேன்.”