கட்டியை மட்டும்

சத்திரசிகிச்சைக் கூடத்துத் தட்டில் தேசிக்காய் அளவில் ஒரு சதைத்துண்டு இருந்தது. அதன் மேல்விளிம்பில் கட்டையாக ஒரு கறுப்புப் பட்டுநூல், பக்கவிளிம்பில் நீளமாக இன்னொன்று. எந்த விளிம்புவரை புற்று எட்டியிருக்கிறதென்று பரிசோதிப்பவருக்குத் திசை விளங்கவேண்டும் என்பதற்காக டொக்டர் தைத்துவிட்ட அடையாளங்கள் அவை. அந்தத் துண்டு எங்கள் பெரிய மிஸ்ஸியினுடையது. வழக்கமாக அவர் நிற்கும் இடத்தில் நின்று, கத்தியும் ஊசியும் எடுத்துக் கொடுத்தவள் நான்.

பெரிய மிஸ்ஸி குருநகர்க்காரி; கூடத்துக்குப் பொறுப்பான தாதி. எத்தனையோ பெண்களின் மார்பை முழுதாக அகற்றியபோது டொக்டருக்குப் பக்கத்தில் நின்றவர். அதனால்தானோ என்னவோ, தன் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது அவர் எங்கள் எல்லாரையும்விடப் பயந்தார்.

கட்டி சிறியது, சுற்றுச் சதையோடு அதை மட்டும் எடுத்து மார்பை விட்டுவிடலாம் என்றார் டொக்டர். ஆனால் பிறகு கதிர்ச்சிகிச்சை கட்டாயம். அது கொழும்பில்தான் இருந்தது. சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம்; கிளாலிக் கடலைப் படகில் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே துப்பாக்கிச் சூடுபட்டவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள்.

"முழுசா எடுத்தால் நீங்கள் கடல் தாண்டத் தேவை வராது, மிஸ்ஸி. கட்டியை மட்டும் எடுத்துப்போட்டு இஞ்சையே இருந்தால் அது திரும்ப வர இடமிருக்கு."

"நான் போவன், டொக்டர். முதல்தரம் கட்டுப் பிரிக்கேக்கை அந்தப் பொம்பிளையளின்ரை முகத்தைப் பாத்தனான். கட்டியை மட்டும் எடுங்கோ."

ஜெனரேற்றருக்கு எண்ணெய் தட்டுப்பாடு. விளக்குக்கு மட்டுந்தான் மின்சாரம். இரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி மூலையில் சும்மா நின்றது. டொக்டர் ஒவ்வொரு குழாயாக நூலால் கட்டிக்கொண்டிருந்தபோது வானில் பொம்பர் விமானம் சுற்றத் தொடங்கியது. மயங்கிக் கிடப்பவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? டொக்டர் காயத்தைப் பஞ்சுத்துணியால் பொத்திப் பிடித்தபடி அசையாமல் நின்றார். எங்கேயோ குண்டு விழுந்து, தட்டிலிருந்த ஆயுதங்கள் கிலுகிலுத்தன. இரைச்சல் தூரப்போனதும் அவர் சொன்ன ஒரே சொல், "நூல்."

விளிம்புகள் சுத்தம் என்று முடிவு வந்தது. காயம் ஆறியதும் மிஸ்ஸி தன் கணவரோடு புறப்பட்டார். வாரங்கள் போயின, கடிதமில்லை, கதையில்லை.

ஒருநாள் காலை கிளாலியில் படகுகளுக்குச் சூடு விழுந்ததென்றார்கள். தெற்கிலிருந்து திரும்பிவந்த படகுகளாம். சவச்சாலையில் இரண்டு பெண்களைக் கிடத்தியிருந்தார்கள். முகங்களை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு, நனைந்த சட்டையை விலக்கி இடது மார்பைப் பார்த்தேன். தழும்பு எங்கே இருக்கும், எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். முதலாவது பெண்ணில் இல்லை. இரண்டாவது பெண்ணிடம் போகக் கால் எழும்பவில்லை. பொத்தான் கழலவே நேரமெடுத்தது. அவரிலும் இல்லை. இருவரின் சட்டையையும் திரும்பப் பூட்டிவிட்டேன். அவர்களையும் யாரோ தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பிறகொரு நாள் பெரிய மிஸ்ஸி வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார், சட்டைக் கழுத்தோரம் கதிர் பட்ட தோல் கருகித் தெரிந்தது.

"என்ன பிள்ளை, பேயைக் கண்டமாதிரி முழிக்கிறீர்?"

சவச்சாலையில் நான் தேடியதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் ஊரில் பெண்கள் பஸ்ஸில் வந்து அதே கதிர்ச்சிகிச்சையை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். அவர்களும் பயந்துதான் வருகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பெரிய மிஸ்ஸியின் துணிச்சலை நான் ஒருமுறை புகழ்ந்தபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"துணிச்சலோ? கிளாலிக் கரையிலை எனக்குக் கால் எழும்பேல்லை, பிள்ளை. என்ரை மனுசன் தூக்கித்தான் படகிலை ஏத்தினவர்."