மலைக்கோட்டையில் மல்லிகா அக்கா கேட்டது

அன்று காலை ஒரு கல்யாண ஆல்பத்தின் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் மல்லிகா அக்கா எடுத்த படங்கள். ஸ்டுடியோ முதலாளி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "சாமி, கடையைச் சாத்திப்போட்டு ஊட்டுக்குப் போ. மல்லிகா போயிட்டா" என்றார். நான்கு நாள் காய்ச்சல்தான். திரையில் மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அணைக்க மனம் வராமல் அப்படியே விட்டுப் போனேன்.

புதுச்சத்திரத்தைச் சுற்றி அக்கா எடுத்த படம் மாட்டாத வீடு குறைவு. கழுத்தில் இரண்டு கேமரா தொங்க, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவராக நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

ஓர் இளைஞர் ஸ்டுடியோவுக்கு வந்தார். தன்னுடன் வேலை செய்யும் பெண்ணிடம் நாமக்கல் மலைக்கோட்டையில் வைத்து, கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று திடீரென்று கேட்கப் போவதாகவும், அதைப் படம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அவங்களுக்கு விருப்பந்தானுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"விருப்பந்தானுங்க. வெக்கத்துல சொல்ல மாட்டேங்கறாங்க."

கோட்டைக்கு ஏறவும் இறங்கவும் பாறையில் வெட்டிய படி ஒன்றுதான். விடுமுறை நாள் கூட்டத்தோடு நாங்களும் சுற்றிப் பார்க்க வந்தவர்களைப் போல ஏறினோம். அந்தப் பெண் தோழிகளோடு மேலே நின்றிருந்தாள். கல்யாண மண்டபங்களில் அக்கா படம் எடுக்கும்போது மணப்பெண் நகர்ந்துவிடாதபடி பக்கத்தில் வழியை மறித்து நிற்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில், இரண்டாவது கேமராவோடு படி தொடங்கும் இடத்தை மறித்து நின்றேன்.

அந்த இளைஞர் அவள் முன் மண்டியிட்டார். மோதிரப் பெட்டியைத் திறந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடியில் கூட்டம் வளையமாகக் கூடிவிட்டது. எல்லார் கையிலும் போன்.

"ஓகே சொல்லுங்கக்கா, வெயில் கொளுத்துது" என்றான் ஒரு கல்லூரிப் பையன்.

"பாவம், முட்டி தேஞ்சுரும்" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் கண் படிப் பக்கம் திரும்பியது. அங்கே நான் நின்றேன். அவள் என்னைப் பார்த்த அந்தக் கணத்தில் நான் பட்டனை அழுத்தினேன்.

அக்கா கேமராவை இறக்கிவிட்டு முன்னால் வந்தார். "ஏனுங்க, பூக் கேட்டாச்சுங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

கல்யாணம் பேசும் முன் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துச் சாமியிடம் உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம்; வெள்ளை வந்தால் சம்மதம்.

"அதானே, பூக் கேக்காம மோதரமா?" என்றார் கூட்டத்தில் ஓர் அம்மாள். "பெரியவங்க இல்லாம இதென்னடா கூத்து."

பலர் தலையாட்டினார்கள். போன்கள் இறங்கின. "கேக்கலீங்க" என்றாள் அந்தப் பெண். கையை உருவிக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்து, "சாமி, வழிய உடு" என்றார். அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. அவள் என்னை உரசிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், "நீங்களும் பூக் கேட்டுத்தான் கட்டுனீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க. வெள்ளைப் பூ வந்துச்சு. பூவையெல்லாம் கேட்டாங்க சாமி, என்னையத்தான் ஒருத்தரும் கேக்கலை."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பத்தாவதோடு என் படிப்பை நிறுத்தியபோதும் என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அந்தச் சொல் வாயில் வராது.

நான் எடுத்த படத்தை அக்கா கடையில் பார்த்தார். "லைட்டு நல்லா இருக்குது. மொகம் நல்லால்ல. அழிச்சுரு" என்றார். நான் அழிக்கவில்லை. நான் எடுத்த படத்தில் ஒன்றை நல்லா இருக்குது என்று அக்கா சொன்னது அதுதான் முதல் முறை. கேமராவின் மெமரி கார்டை மேசை டிராயரில் போட்டு வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞர் வந்தார். "கையப் புடிச்ச படம் ஒண்ணு போதுமுங்க. அவங்க ஊட்டுல காட்டுனா அப்புறம் மறுக்க முடியாது" என்றார். அக்கா, "படம் இல்லீங்க" என்று சொல்லி, அவர் கொடுத்த முன்பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அக்கா போன பிறகு, போன வாரம் அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். கடையில் நான் மட்டும் இருந்தேன். கடைக்கு ஒரே வாசல். அதில் நின்றுகொண்டு, "நீயும் எடுத்தே, நான் பாத்தேன். அக்காதான் இல்லையே, குடு" என்றார். கார்டு இருந்த டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. கை டிராயர் வரைக்கும் போனது.

"அவங்களைக் கேட்டீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"யாரை?"

"படத்துல இருக்கற அக்காவை. அவங்க குடுக்கச் சொன்னாத் தாரேனுங்க."

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். அந்தக் கண்கள் இன்னும் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அழித்தேன். மறுநாள் அவர் வந்தபோது, "படம் இல்லீங்க" என்று சொன்னேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

அக்காவின் கேமராக்கள் முதலாளியிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவர் கேட்ட கேள்வி மட்டும்தான். இப்போது ஒரு முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்கும் முன், "எடுக்கட்டுங்களா?" என்று கேட்கிறேன். பதில் வரும் வரை, அவர்கள் போகிற வழியை விட்டுத் தள்ளி நிற்கிறேன்.