சிவப்பு மூடி பாட்டில்

போன செவ்வாய்க்கிழமை காலை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தோணி, வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "ரங்கம்மா, லேப் கோவிந்தசாமி விடியக்காலை போயிட்டாரும்மா" என்றார். உள்ளே கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரர், "யாரு, பாட்டில் மாத்தின கோவிந்தனா?" என்று குரல் கொடுத்தார். அந்தோணி லேசாகச் சிரித்தார். வழக்கம்போல நானும் சிரித்து வைத்தேன்.

அடக்கத்துக்கு வந்தவர்களிலும் இரண்டு பேர் அந்தப் பாட்டில் கதையைத்தான் பேசினார்கள். அவரை அறிந்த ஜீவனஹள்ளிக்காரர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் நம் வாசகசாலை இதழில் சொல்லிவிடுகிறேன். பாட்டிலை மாற்றியவர் கோவிந்தசாமி இல்லை. நான்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். லேபில் ஆயாவாகச் சேர்ந்தேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவது வேலை. ஆனால் டாக்டர் வருவதற்கு முன்பே குழாயின் நிறத்தைப் பார்த்து இன்னதென்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. யூரியா பார்க்க அப்போதெல்லாம் ரத்தத்தோடு கொள்ளு மாவு ஊறிய தண்ணீரைச் சேர்ப்பார்கள். அது யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். பிறகு ஒரு மருந்தை விட்டால் மஞ்சள் ஏறும். இளமஞ்சள் என்றால் சிறுநீரகம் கழிவை ஒழுங்காக வெளியே தள்ளுகிறது. டிகாக்‌ஷன் நிறம் என்றால் கழிவு ரத்தத்திலேயே தங்கிவிட்டது. "கொள்ளு குதிரைக்கு மட்டும்னு நெனச்சியா? இந்த ஆஸ்பத்திரியே கொள்ளுலதான் ஓடுது" என்பார் லேப் டெக்னீஷியன் கோவிந்தசாமி.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு முகமும் காலும் வீங்கின. ரத்தம் எடுக்க நான்தான் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். யூரியாவுக்கு வெள்ளை மூடி, ரத்த அணு எண்ணுவதற்குச் சிவப்பு மூடி. ரத்தம் உறையாமலிருக்க இரண்டிலும் ஏதோ உப்புப் போட்டிருக்கும். எதில் எடுத்தால் என்ன என்று நினைத்தேன். வெள்ளை மூடிப் பாட்டில்கள் எல்லாம் கழுவிக் கழுவி மங்கிப் போனவை. சிவப்பு மூடி பாட்டில் ஒன்று புதிதாகப் பளபளத்தது. என் புருஷனுக்குப் புதுசாக இருக்கட்டுமே என்று அதை எடுத்தேன். மூடியை மட்டும் வெள்ளையாக மாற்றிப் போட்டேன்.

மாலையில் அவருடைய குழாய் டிகாக்‌ஷன் நிறத்தில் நின்றது. நாற்பதுக்குள் இருக்கவேண்டிய எண் நூற்று அறுபது. அந்த நாளில் அந்த எண்ணுக்கு மருந்து கிடையாது. கடைசி வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஐந்து நாள் உப்பில்லாத கஞ்சி. "நீ லேபுலதானே இருக்கே? எனக்கு இன்னாதான்னு சொல்லேன்டி" என்பார். ஒன்றுமில்லை என்பேன். வார்டை விட்டு லேபுக்கு வந்தால் வரிசையாகக் குழாய்கள். லேபை விட்டு வீட்டுக்குப் போனால் நான்கு பிள்ளைகளின் முகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எண்.

கோவிந்தசாமிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "நூத்தி அறுபது இருக்கிறவன் சுருண்டு கெடக்கணும். உன் புருஷன் உப்புக்காக நர்ஸோட சண்டை போடறான். ரத்தத்தை நம்பறதுக்கு முன்னாடி பாட்டிலை விசாரிக்கணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எந்த பாட்டில்மா குடுத்தே?"

"வெள்ளை மூடிதாண்ணா."

பொய் தானாக வந்தது. நான் தற்காலிக ஆள். அந்த வாரம்தான் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். புருஷன் போய்விட்டால் பிள்ளைகளுக்குச் சோறு அந்த வேலைதான்.

அவர் அதட்டவில்லை. "சிவப்பு மூடில போடற உப்புலயே அம்மோனியா இருக்குது. அதுல யூரியா பார்த்தா நல்ல ரத்தம்கூடச் சாவுன்னு சொல்லும்" என்றார். கழுவிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுபடி எடுத்த ரத்தத்தில் ஐம்பத்தைந்து. கூடுதல்தான், ஆனால் பத்தியத்துக்குக் கட்டுப்படுகிற கூடுதல். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் லேபுக்கே வந்து கத்தினார். யார் மாற்றியது என்று கேட்டதும் நான் வாயெடுப்பதற்குள், "நான்தான் சார்" என்றார் கோவிந்தசாமி. தலைமை டெக்னீஷியன் ஆகியிருக்கவேண்டியவர், கடைசிவரை ஆகவில்லை. பிறகு தனியாக நின்று அழுத என்னிடம், "வெளியே மூச்சு விடாதே. இப்ப சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடும்" என்றார். வேலையை எனக்குக் கொடுத்துவிட்டு என் வாயைப் பூட்டிவிட்டார்.

இத்தனை வருஷமும் அந்தப் பூட்டுக்குள் இருந்தேன். என் வீட்டுக்காரர் அவரோடு பேச்சையே விட்டார். மகள் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைக்கலாமா என்றேன். "என்னை உயிரோட பொதைக்கப் பார்த்தவனுக்கா?" என்றார். கல்யாணம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று கோவிந்தசாமி, "இன்னா ரங்கம்மா, பாயசம் ஸ்வல்ப தீய்ஞ்சிடுச்சாமே? நான் இருந்திருந்தா டெஸ்ட் பண்ணிச் சொல்லியிருப்பேன்" என்று சிரித்தார். குழாய்களைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, டாக்டர் முன்னால் அவர் சொன்ன அந்த 'நான்தான்' என்ற ஒரு சொல். அது என்னுடைய சொல், அவர் சொன்னார். நான் சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

என் பேத்தி நான்காவது படிக்கிறாள். இந்த வயதிலேயே அச்சில் எதைக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் படிப்பாள். தாத்தாவுக்கு இந்த இதழை வாசித்துக் காட்டுவது அவள்தான். ஒரு வரி விடமாட்டாள். இதையும் வாசிப்பாள். வாசித்து முடிக்கும்வரை நான் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன்.